நிழலுக்குப் போட்ட பூட்டு

வாசகரே, எழுந்து வாருங்கள். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக உட்கார வேண்டாம்; நடுவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். தோளில் ஒரு பொன்னாடையும் கையில் ஒரு பாட்டில் குளிர்ந்த நீரும் கிடைத்துவிட்டால் அவர்கள் எந்தப் பக்கத்துக்காகவும் கண்கலங்குவார்கள். எனக்கு வேண்டியவர், கண்டதைக் கண்டேன் என்று சொல்லக்கூடியவர். ‘நானும் அந்தப் பக்கமாகத்தான் போனேன், எதையும் கவனிக்கவில்லை’ என்று நழுவாதவர். அப்படி ஒருவர் எங்கள் தெருவில் அகப்படாததால்தான் உங்களிடம் வருகிறேன்.

இடம், கள்ளிக்குப்பம். எங்கள் அடுக்ககத்துக்கு நேர் எதிரே ஒரு பூங்கா. பரப்பளவில் சிறியது, பெயர்ப்பலகையில் பெரியது. உள்ளே நுழைந்ததும் வாயைப் பிளந்து நிற்கும் சிமெண்டுக் கங்காரு குப்பையை வாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டினால் எட்டு வடிவில் ஒரு நடைபாதை, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீரைக் காணும் ஒரு நீரூற்று, வெயிலில் தொட்டால் கை பொத்துப்போகும் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள். பின்சுவரை ஒட்டி இரண்டு தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு பாதாம் மரமும் நிற்கின்றன. அவற்றின் அடியில் சிமெண்டு இருக்கைகள்; இருக்கைகளுக்கு அப்பால் கழிப்பறை. இந்தப் பின்பகுதியைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு முழுவதும் அந்த நிழலையும் அந்தக் கழிப்பறையையும் பற்றியதே.

பூங்காக்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். நான் வளர்ந்தது அங்குள்ள குடியிருப்பில். விடுமுறை நாள்களில் செலவில்லாத உல்லாசம் என்றால் அவருக்குப் பூங்காதான். சேக்காட்டிலும் ஆவடி ஏரிக்கரையிலும் அம்பத்தூரிலும் நாங்கள் உட்காராத பூங்கா இல்லை. செம்பரம்பாக்கத்துக் கரையில்கூட ஒரு பனைமர நிழலைப் பிடித்துக்கொண்டு புளிச்சோறு தின்றிருக்கிறோம். அந்த ஊர்சுற்றலில் நான் கண்டது ஒன்று. விடியற்காலையில் பூங்கா வெறும் நடைபாதை. அப்போது ஊரெல்லாம் குளிர்ச்சிதான், மரம் யாருக்கும் தேவையில்லை. மாலையில் அது வெறும் பேச்சுமேடை. உச்சிவெயிலில், தார் உருகும் நேரத்தில், ஒரு மரத்தின் கீழ் போய் நிற்கும்போதுதான் அது பூங்காவாகிறது. நம்முடைய நாடு வெயில் நாடு. வெயில் நாட்டில் பூங்கா என்பதன் பொருள் பூ அன்று, நிழல். அந்த நிழலை மதியத்தில் பூட்டுவது, கோடையில் தண்ணீர்ப் பந்தல் கட்டிவிட்டுப் பானைக்கு மூடி போட்டு ஆணியடிப்பதற்குச் சமம். இந்த உவமையைப் பிறகு மேடையில் சொன்னேன். கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

என் குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல குரல். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பட்டிமன்றங்களிலும் சொற்போர்களிலும் பரிசு வாங்கிய குரல். மூச்சை அடிவயிற்றில் நிறுத்தி, கடைசி வரிசையில் அரைத்தூக்கத்தில் இருப்பவனின் காதுக்குச் சொல்லை அனுப்பப் பழகியவன் நான். வீட்டில் பழக முடியாது. சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர். ஆகவே வகுப்பு முடிந்ததும் மதியத்தில் பூங்காவுக்குப் போவேன். நீரூற்றின் விளிம்பில் ஏறி நின்று, ஆளில்லாத இருக்கைகளை அவையாகக் கொண்டு முழங்குவேன்.

ஆளில்லை என்று நான் நினைத்ததுதான் தவறு. ஒருநாள் பாதாம் மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யப்பா நைனா, தேர்தல் முடிஞ்சி போச்சுப்பா. இன்னும் யாருக்கு ஓட்டு கேட்டுகினு கீற?”

இருக்கையில் முந்தானையை விரித்துப் படுத்திருந்த ஒரு பெண். தலைக்குக் கீழே ஒரு துணிப்பை, இருக்கையின் காலருகே செருப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி, வீடு கூட்டித் துடைத்து, கழிப்பறை கழுவுகிறவர். படிக்கட்டில் பலமுறை எதிரே வந்தவர்தான். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

“பயிற்சி எடுக்கறேன் அக்கா,” என்றேன்.

“இன்னா பயிற்சி? கத்தறதுக்கா? எங்க ஊட்டுக்காரரு பயிற்சியே இல்லாம கத்துவாரு.”

“நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கலாமே.”

அவர் எழுந்து உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை எந்த எதிரணித் தலைவரும் எனக்குத் தந்ததில்லை. அவருடைய வீடு பூந்தமல்லியையும் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில். காலை வேலை மதியம் முடியும். மாலை வேலை நான்கு மணிக்குத் தொடங்கும். இடையில் வீட்டுக்குப் போனால் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வேலை செய்யும் வீடுகளில் இருக்கலாம் என்றால், அவர்களுக்கு அது உண்டு உறங்கும் நேரம். கதவைச் சாத்திவிடுவார்கள்.

“படுக்கறதுகூட பரவால்ல,” என்றார். “சுகர் கீது எனக்கு. பாத்ரூம் வந்தா அடக்க முடியாது. நாலு ஊட்லயும் பாத்ரூம் கயுவறது நானு. போறதுக்கு மட்டும் கூடாது.”

அதில் ஒரு புகாரும் இல்லை. பஸ் எண்ணைச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு, “நீ அந்தாண்ட திரும்பி நின்னு கத்து. சுவத்துக்கு காது கேக்கட்டும்,” என்று மறுபடி படுத்துக்கொண்டார்.

எங்களுக்குள் நட்பு உண்டாயிற்று என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் என் சொற்பொழிவின் நடுவே குறட்டை விடும் ஒரே பார்வையாளரிடம் பெரிய அன்பு இல்லை. ஒருவரையொருவர் சகித்துக்கொண்டோம், இருவருக்கும் அந்த நிழல் தேவையாக இருந்தது. எனக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு உடம்பு.

இப்போது மறுதரப்பைக் காட்டுகிறேன். பூங்காவைப் பராமரிக்கும் பொறுப்பு, பகுதியின் நடைப்பயிற்சியாளர் சங்கத்திடம் இருந்தது. காலையில் பாருங்கள் அவர்களை: வெள்ளைக் காலணி, கையில் கைப்பேசி, காதில் பாட்டு. எட்டு வடிவப் பாதையில் எல்லாரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். எதிர்த்திசையில் வருபவரை மாடு குறுக்கே வந்ததுபோல் பார்ப்பார்கள். நடந்து முடித்ததும் வட்டமாக நின்று, கைகளை வானத்துக்குத் தூக்கி, ஓங்கிச் சிரிப்பார்கள். சிரிப்பு உடலுக்கு நல்லதாம். சிரித்து முடித்தவுடன் முகம் பழைய இடத்துக்குப் போய்விடும். பிறகு வாசலில் முளைகட்டிய பயறு தின்று, அருகம்புல் சாறு குடித்துக்கொண்டு, யார் வீட்டு வேலைக்காரி எத்தனை நாள் மட்டம் போட்டாள் என்று பேசுவார்கள்.

சங்கத்தின் செயலாளர் கோவைப்பக்கத்துக்காரர். ஒரு தனியார் நிறுவனத்தில் மனிதவள மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்களை அவர்கள் மனம் நோகாமல் வேலையைவிட்டு அனுப்புவதுதான் அவருடைய வாழ்நாள் தொழில். அதில் அவர் எட்டியிருந்த தேர்ச்சியை நான் பிறகு கண்ணால் கண்டேன். அக்கா வேலை செய்த நான்கு வீடுகளில் அவர் வீடும் ஒன்று. “எங்க வூட்ல ஒருத்தி மாதிரிங்க” என்று அவரைப் பற்றி எல்லாரிடமும் சொல்வார்.

கோடை தொடங்கியதும் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. மதியத்தில் பூங்காவில் கண்டவர்களும் படுத்துக்கிடக்கிறார்கள். உணவு கொண்டுபோகும் பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார்கள். காதலர்கள் வருகிறார்கள். இருக்கைகளில் எண்ணெய்த் தலை பட்டுக் கறை. பெண்கள் கழிப்பறையை வெளியாட்கள் அசுத்தம் செய்கிறார்கள். ஆகவே காலை நடை முடிந்ததும் பூட்டிவிட்டு மாலை நடைக்குத் திறக்கலாம். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். சங்கத்தில் சேர்ந்தபோது அம்மா தன் எண்ணுக்குப் பதிலாக என் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தார். கைகூப்பும் படங்களும் கட்டைவிரல் படங்களும் வரிசையாக வந்து விழுந்ததை நான் பார்த்தேன்.

செயலாளர் அவசரப்படவில்லை. “எல்லார் கருத்தையும் கேட்டுத்தான் செய்யணும். ஆண்டு விழாவுல இதையே பட்டிமன்றமா வெச்சுக்கலாம்,” என்று எழுதினார். தலைப்பு: பூங்கா மதியத்தில் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? நடுவர், அவரே. திறந்திருக்க வேண்டும் என்ற அணிக்கு என்னைக் கேட்டார்கள்.

எங்கள் ஊரில் சங்கம் என்று ஒன்றிருந்தால் ஆண்டு விழா உண்டு, ஆண்டு விழா என்றால் பட்டிமன்றம் உண்டு, பட்டிமன்றத்தின் முடிவில் தீர்ப்பு உண்டு. சின்ன வயதிலிருந்து தீர்ப்புகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். மகிழ்ச்சி தருவது பணமா குணமா என்று கேட்டு, குணமே என்று தீர்ப்பளித்து, எல்லாரும் கைதட்டி, பிறகு வண்டியை எடுக்கும் இடத்தில் கட்டணத்துக்குச் சண்டை போட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இந்த முறை தலைப்பு வானத்திலிருந்து எடுத்தது அன்று. எதிரில் நிற்கும் கதவு. சாவி நடுவரின் சட்டைப்பையில் இருக்கிறது. இங்கே தீர்ப்பு என்றால் தீர்ப்புதான் என்று நம்பினேன். மேடையில் பழகியவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. வேறு எவனாக இருந்தாலும் கையெழுத்து எங்கே என்று கேட்டிருப்பான்.

விழா பூங்காவிலேயே, மாலையில் நடந்தது. வாசலுக்குப் பக்கத்தில் மேடை போட்டு, பின்னால் ஆளுயர பேனர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நெகிழி நாற்காலிகள் நிறைந்திருந்தன. நாற்காலிகளுக்குப் பின்னால் சுண்டல் அண்டாவும் தேநீர்க் குடுவையும். பரிமாறுவதற்கு அக்காவை வரச்சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மாலை வேலை கிடையாது. இருந்தும் வந்திருந்தார். செயலாளரின் மனைவி கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும்.

எதிரணியின் தலைவர், எங்கள் பக்கத்து வீட்டு மென்பொருள் ஊழியர். மதுரைக்காரர், கலகலப்பானவர். “மத்தியானம் பார்க்குக்கு யாருங்க வருவா? வேலை வெட்டி இல்லாதவய்ங்கதான் வருவாய்ங்க!” என்றார். சிரிப்பு. “நம்ம காசு போட்டு புல்லு வளர்க்குறோம், அதுல ஊரான் வந்து படுத்து எந்திரிக்கிறான். புல்லு மறுநாள் எந்திரிக்குதா? எந்திரிக்கல!” பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் சிரிப்பதற்காகவே கைகளை வானத்துக்குத் தூக்கினார், பழக்கம்.

என் முறை வந்தது. நான் எப்போதும் மெதுவாகத்தான் தொடங்குவேன். நிழலைப் பற்றிப் பேசினேன். தண்ணீர்ப் பந்தலைப் பற்றிப் பேசினேன். பிறகு எதிரணித் தலைவரைப் பார்த்தேன்.

“வேலை வெட்டி இல்லாதவர்கள் என்றீர்கள். ஐயா, நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர். மதியத்தில் இங்கே வருகிறவர் உங்கள் வீடுகளிலிருந்து வேலை பார்க்கிறவர். உங்கள் எச்சில் தட்டு காய்வதற்குள் இங்கே வந்து கண்மூடி, மாலையில் உங்கள் காப்பித் தம்ளருக்குத் திரும்பி ஓடுகிறவர். உங்கள் வீட்டுக் கழிப்பறைகள் பளபளக்கின்றனவே, யார் கையால்? அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு அதில் ஒன்றிலாவது ஒதுங்க உரிமை உண்டா? வீட்டில் இல்லை என்றீர்கள், சரி. வீதியிலும் இல்லை என்றால், அவர் எங்கே போவார்? நீங்களே சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.”

காத்திருந்தேன். மேடையில் மௌனத்தை நீட்டுவது ஒரு கலை. அதை நான் நன்றாக அறிவேன். ஒரு தலையும் பின்னால் திரும்பவில்லை. திரும்பாமலிருக்க எத்தனை கழுத்துகள் பாடுபட்டன என்பதை மேலிருந்து பார்க்க முடிந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நான் பெயரைச் சொல்லவில்லை, நோயைச் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் செயலாளரின் மனைவி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள்.

செயலாளர் தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“நானும் எத்தனையோ மேடை பார்த்திருக்கேனுங்க. இந்தத் தம்பி பேசினப்ப என்ற மனசு என்ற கையில இல்லீங்க. நம்ம வீட்டு வேலையாள் நம்ம வீட்டு ஆள்தானுங்களே? நிழல் எல்லாருக்கும் பொதுங்க. மரம் சாதி பார்க்குதா, சம்பளம் பார்க்குதா? ஆகவே பூங்கா மதியத்திலும் திறந்தே இருக்க வேண்டும், திறந்தே இருக்க வேண்டும், திறந்தே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்து அமர்கிறேன்.”

மூன்று முறை சொன்னார், சாட்சியே. குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். படம் எடுக்கும்வரை என் கையை விடவில்லை.

கூட்டம் கலைந்தபோது அக்காவிடம் போனேன். காகிதத் தட்டில் சுண்டலை வைத்து என் பக்கம் நீட்டினார்.

“ஆறிப்போச்சு. நீ பேசிகினே இருந்த, நான் இன்னா பண்றது?”

“எப்படி இருந்துச்சு அக்கா?”

“எல்லாரும் அழுதாங்கோ. நல்லாத்தான் இருந்துக்கும்.” பிறகு, அண்டாவைச் சாய்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: “நம்ம சைடு தானே ஜெயிச்சது? அப்ப நாளைக்கி தொறந்து இருக்கும்ல? மூடிடுவாங்கோன்னு வாட்ச்மேன் சொல்லிகினு இருந்தாரு. மார்க்கெட்டாண்ட காசு குடுத்து போற பாத்ரூம் கீது, ஆனா தூரம். நடக்கணும்.”

“தீர்ப்பே வந்தாச்சு அக்கா. திறந்திருக்கும். நீங்க அங்கெல்லாம் போக வேண்டாம்,” என்றேன்.

மறுநாள் மதியம் வகுப்பு முடிந்து வந்தேன். கத்திரி வெயில், தெருவில் நாய்கூட இல்லை. மேடையைப் பிரித்துவிட்டார்கள், பேனரை அவிழ்த்துவிட்டார்கள். பேனர் கட்டியிருந்த இடத்தில் ஒரு புதிய பலகை நின்றது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து; மூலையில் இரண்டு பூக்கள்கூட வரைந்திருந்தார்கள். காலை நேரம், மாலை நேரம். இடையில், ‘மற்ற நேரங்களில் பூங்கா மூடப்பட்டிருக்கும்.’ வண்ணம் காய்ந்து நாளாகியிருந்தது. பலகையின் கால்கள் இறங்கிய சிமெண்டும் காய்ந்திருந்தது. நேற்று அது அங்கேதான் நின்றிருக்கிறது. அதை மறைத்துத்தான் பேனரைக் கட்டியிருக்கிறார்கள். நான் முதுகைக் காட்டி நின்று முழங்கியது அந்தப் பலகைக்குத்தான்; நடுவர் கண்கலங்கியது அதற்கு முன்னால் நின்றுதான்.

வாசலில் புதுப்பூட்டு. கம்பியைப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தார். உள்ளே, பாதாம் மரத்தடி நிழலில், நாற்காலி போட்டுக் காவலாளி.

“அண்ணாத்தே, ரெண்டே நிமிசம். போய்ட்டு வந்துடறேன். படுக்கல, உக்காரல. போய்ட்டு வந்துடறேன்.”

“என் வேலை போயிடும்மா,” என்றார் காவலாளி. “செயலாளர் சொன்னா தொறக்கறேன்.”

நான் செயலாளரை அழைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்த குரல்; ஆயினும் இனிமை குறையவில்லை.

“சொல்லுங்க தம்பி. நேத்து கலக்கிட்டீங்க போங்க. என்ற மச்சான் வீடியோவைப் பார்த்துட்டு அழுதுட்டானுங்க.”

“சார், கேட் பூட்டியிருக்கு. நீங்க தீர்ப்பு சொன்னீங்க.”

“அது பட்டிமன்றமுங்க தம்பி. ரசிச்சோம். இது நிர்வாகம். கமிட்டி போன மாசமே முடிவு பண்ணிடுச்சுங்களே.”

“அக்கா நிக்கறாங்க சார். உங்க வீட்டு அக்கா. அவங்க பாத்ரூம் போகணும். அவ்வளவுதான்.”

ஒரு நொடி மௌனம். அவருக்கும் மௌனத்தை நீட்டத் தெரிந்திருந்தது.

“ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணுமுங்களே. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. என்ற சம்சாரமே வந்து நின்னாலும் திறக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேன். அந்தம்மாவைக் கொஞ்சம் அனுசரிச்சுக்கச் சொல்லுங்க. வெயில்ல நிக்காதீங்க தம்பி, குரல் கட்டிக்கும்.”

அழைப்பு முடிந்தது. அவருடைய மனைவிக்கு வீட்டில் கழிப்பறைகள் இரண்டு. அன்று காலையில்தான் அக்கா இரண்டையும் கழுவிவிட்டு வந்திருந்தார்.

“அக்கா, ஆட்டோ புடிச்சு மார்க்கெட்டுக்கு...” என்று தொடங்கினேன்.

 கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் இறுகின. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவருடைய காலடியில், வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில், ஈரம் படர்ந்தது. புடவையின் கரையைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை. நகர்ந்து என்ன? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல நூறு சொற்களை அடுக்கத் தெரிந்தவனுக்கு அந்த நேரத்தில் தரக் கிடைத்த மரியாதை அது ஒன்றே.

திருப்பிய முகத்துக்கு எதிரே எங்கள் அடுக்ககம். மூன்றாம் மாடி மாடத்தில் ஒரு கை, கையில் கைப்பேசி. முகம் தெரியவில்லை, துணி காயும் கொடி மறைத்தது. சில நொடிகளில் என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். சங்கத்தின் குழுவில் ஒரு படம்: கேட், பலகை, அக்காவின் முதுகு, தரையில் ஈரம். கீழே, ‘இதற்காகத்தான் மூடினோம். நம் முடிவு சரி.’ கட்டைவிரல்கள் முளைத்தன. கைகூப்புகள் முளைத்தன. வாசலில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் எழுதினார்: ‘பக்கத்துல நிக்கறது நேத்து பேசின தம்பிதானே? சூப்பர் ஸ்பீச் ப்ரோ.’

காவலாளி ஒரு பாட்டில் தண்ணீரைக் கம்பிகளின் வழியாக நீட்டினார். அக்கா வாங்கித் தரையில் ஊற்றினார், காலில் ஊற்றிக்கொண்டார். மிச்சத்தைக் குடிக்கவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் புடவையைக் குனிந்து பார்த்தார்.

“நாலு மணிக்கு வேலைக்கு போவணும். இத கட்டிகினு எப்டி போறது? உள்ள உடுவாங்களா?”

என்னால் பேச முடிந்தது. நான் பேசத் தொடங்கியும்விட்டேன்: இது அநீதி, இதை நான் விடப்போவதில்லை, மேலிடத்துக்கு எழுதுவேன், அடுத்த கூட்டத்தில் இவர்களை நிற்கவைத்துக் கேட்பேன். சொற்கள் வரிசையாக, ஒழுங்காக, நல்ல உச்சரிப்போடு வந்தன. அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“போதும் நைனா. நேத்து உன் பேச்ச நம்பிகினுதான் மார்க்கெட்டு பக்கம் போவல நானு. தொறந்து இருக்கும்னு சொன்ன இல்ல? இனிமே ரோட்ல பேசாத. இங்க பேசறது ஈசி. உங்க ஊட்டாண்ட போ, உங்க ஊட்ல பேசு.”

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் மாடியில் எங்கள் மாடம். அம்மா வெளியே வந்து நின்றிருந்தார், சத்தம் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் கிடையாது. அது எளிமையால் அன்று. வெளியாளின் கை தன் சமையலறையிலும் கழிப்பறையிலும் படக்கூடாது என்பது அம்மாவின் விதி. அந்த விதியை நான் எந்த மேடையிலும் எதிர்த்ததில்லை, வீட்டிலும் எதிர்த்ததில்லை. நேற்று முன்வரிசைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து என் பேச்சுக்கு அம்மாவும் எழுந்து நின்று கைதட்டினார். இப்போது வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அக்காவை வீட்டுக்கு அழைக்க நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மற்ற மாடங்களிலும் தலைகள் தெரிந்தன. நல்லது. என் அவை கூடிவிட்டது. மூச்சை இழுத்து, யாரும் கேட்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாதபடி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னேன்:

“அக்கா, எங்க வீடு ரெண்டாவது மாடி, படி ஏறினதும் வலது பக்கம். இப்பவே வாங்க. குளிச்சிட்டு எங்க அம்மா புடவை ஒண்ணு கட்டிக்கிட்டு வேலைக்குப் போங்க. நாளைக்கும் வாங்க. இந்தப் பூட்டு தொங்கற வரைக்கும் தினமும் மதியம் எங்க ஹால்ல உங்களுக்கு ஃபேன் ஓடும், எங்க பாத்ரூம் கதவு திறந்திருக்கும். அம்மா கூடாதுன்னு சொன்னா, நானும் அந்த வீட்டு பாத்ரூமை மிதிக்க மாட்டேன். உங்களோட வந்து இந்தக் கேட்டைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். எல்லாரும் மேலேருந்து படம் எடுத்துக்கட்டும்.”